இழுபறித் தொகுதியில் ஒரு எம்.எல்.ஏ.: வாசகர் கேள்வி–பதில்

சில நூறு ஓட்டில் ஜெயிப்பதும் தோற்பதுமாக இருக்கும் தொகுதிகளில் அரசியல் செய்பவர்களின் நிலை பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் ஊரில் 2016, 2021 இரண்டு தேர்தலிலும் ஐந்நூறு ஓட்டுக்குள்தான் முடிவு. ஒரு தொகுதியை இழுபறித் தொகுதி என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? — வாசகர், தென்காசி

பதில்: உங்கள் ஊரையே உதாரணம் காட்டலாம். 2016-இல் அ.தி.மு.க.வின் செல்வமோகன்தாஸ் பாண்டியன், காங்கிரஸின் பழனி நாடாரை 462 ஓட்டில் தோற்கடித்தார். 2021-இல் அதே பழனி நாடார் அதே செல்வமோகன்தாஸை 370 ஓட்டில் தோற்கடித்தார். அடுத்தடுத்த இரண்டு தேர்தலில் இப்படி நடந்தால் அது அசல் இழுபறித் தொகுதி.

ஒரே ஒரு முறை வித்தியாசம் சுருங்கினால் அப்படிச் சொல்ல முடியாது. காட்பாடியில் துரைமுருகன் 2016-இல் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வித்தியாசத்தில் வென்றவர். 2021-இல் கடைசிச் சுற்று வரை திணறி 746 ஓட்டில் தப்பினார். தியாகராய நகரில் அதே தேர்தலில் 137, மொடக்குறிச்சியில் 281. இவை இழுபறித் தொகுதிகளா, அந்த ஒரு தேர்தலின் காற்றா என்பதை மூன்று தேர்தல் கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் சொல்ல முடியும்.

அதற்கு வேண்டியது படிவம் 20. எந்தச் சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை என்று வரிவரியாக இருக்கும். தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மூன்று தேர்தலின் படிவம் 20-ஐ எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும், அதாவது வாக்காளர் பட்டியலில் ஒரு சாவடிக்குரிய பகுதிக்கும், முதல் இரண்டு கட்சியின் வித்தியாசத்தை மட்டும் எழுதுங்கள். பெரும்பாலான பாகங்கள் எந்தக் காற்றடித்தாலும் ஒரே பக்கம் நிற்கும். தேர்தலுக்குத் தேர்தல் பக்கம் மாறுகிற பாகங்களின் பட்டியல் சின்னதாகத்தான் இருக்கும். வேட்பாளர் கால் தேய வேண்டியது அங்கேதான்.

இதில் ஒரு பொறி உண்டு. பாக எண்ணை நம்பி ஒப்பிடாதீர்கள். ஒரு சாவடிக்கு 1,500 வாக்காளர் என்றிருந்த உச்சவரம்பைத் தேர்தல் ஆணையம் 1,200 ஆகக் குறைத்துவிட்டது. பெரிய பாகங்கள் பிரிந்தால் எண்கள் தள்ளிப்போகும். தெருப் பெயரையும் பள்ளிக் கட்டடத்தையும் வைத்துப் பொருத்துங்கள். இதைச் செய்யாமல் போடும் பூத் கணக்கு முழுவதும் தப்பாக வரும், தப்பு என்று தெரியவும் தெரியாது.

கேள்வி: இராதாபுரம் 49 ஓட்டு வழக்கில் மறுபடி எண்ணியும் முடிவு ஏன் வெளியே வரவில்லை? — வாசகர், வள்ளியூர்

பதில்: 2016 மே 19 அன்று அறிவித்த முடிவு: அ.தி.மு.க.வின் இன்பதுரை 69,590, தி.மு.க.வின் அப்பாவு 69,541. இருபத்தைந்து பேர் சின்னம் மாற்றிக் குத்தியிருந்தால் முடிவு புரண்டிருக்கும்.

அப்பாவு உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு, அதாவது முடிவை எதிர்க்கும் வழக்கு, போட்டார். இரண்டு புகார் முக்கியமானவை. ஒன்று, 203 தபால் ஓட்டுகளைத் தள்ளியது தவறு. அந்த ஓட்டுகளின் உறுதிமொழியில் சான்றொப்பம் இட்டவர் நடுநிலைப் பள்ளித் தலைமையாசிரியர். அவர் கெஜட்டெட் அதிகாரி இல்லை என்று சொல்லித்தான் தள்ளினார்கள். இன்னொன்று, இயந்திர எண்ணிக்கையின் 19, 20, 21-ஆம் சுற்றுகள் பற்றியது.

வித்தியாசம் 49, தள்ளுபடி 203 என்ற இரண்டு எண்ணும் அருகருகே நின்றதுதான் வழக்கின் உயிர். தள்ளுபடி நாற்பதாக இருந்திருந்தால் அந்தப் புகாருக்கு எடையே இருந்திருக்காது. தேர்தல் முடிவையே பாதித்தது என்று காட்டினால்தான் நீதிமன்றம் உள்ளே போகும்.

2019 அக்டோபர் 1 அன்று உயர் நீதிமன்றம் அந்தத் தபால் ஓட்டுகளையும் மூன்று சுற்றுகளையும் மறுபடி எண்ணச் சொன்னது. 4-ஆம் தேதி நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அதற்குள் இன்பதுரை உச்ச நீதிமன்றம் போய், முடிவை வெளியிடத் தடை வாங்கிவிட்டார். எண்ணியது எண்ணியபடி உறைக்குள் கிடக்க, அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது. இன்பதுரை ஐந்து வருடமும் எம்.எல்.ஏ.வாக இருந்தார்.

தேர்தல் மனுவை ஆறு மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. 'முயல வேண்டும்' என்று மட்டும்தான் இருக்கிறது. உயர் நீதிமன்றக் கட்டத்துக்கே இங்கே மூன்று வருடத்துக்கு மேல் ஆயிற்று. ஆகவே தோற்றவர் மனுவை ஒரு கையில் வைத்துக்கொண்டு, மறு கையில் அடுத்த தேர்தலுக்கு வேலை பார்ப்பதுதான் வழி. அப்பாவு அப்படித்தான் செய்தார். 2021-இல் அதே இன்பதுரையை 5,925 ஓட்டில் வென்று, மே 12-இல் போட்டியின்றிச் சபாநாயகர் ஆனார்.

கேள்வி: தேர்தல் மனு போட நினைப்பவர் எங்கே சறுக்குகிறார்? — வழக்கறிஞர் ஒருவர், திருநெல்வேலி

பதில்: முதல் சறுக்கல் தேதி. முடிவு வந்த நாளிலிருந்து 45 நாள். 46-ஆம் நாள் போனால் எந்தக் காரணமும் எடுபடாது. தாமதத்தை மன்னிக்கும் வழியே மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் இல்லை. இரண்டாவது, 2,000 ரூபாய் செலவுப் பிணைத்தொகை கட்டாதது. சின்னத் தொகைதான், கட்டாவிட்டால் மனு அங்கேயே விழும். மூன்றாவது, சேர்க்க வேண்டிய எதிர்மனுதாரரை விடுவது. வென்றவரின் தேர்தல் செல்லாது என்பதோடு 'நான்தான் வென்றவன்' என்றும் அறிவிக்கக் கேட்டால், போட்டியிட்ட எல்லா வேட்பாளரையும் சேர்த்தாக வேண்டும். கடைசி இடம் வந்த சுயேச்சையும் இதில் அடக்கம்.

லஞ்சம் போன்ற ஊழல் நடவடிக்கையைச் சொன்னால் படிவம் 25-இல் தனிப் பிரமாணப் பத்திரம் வேண்டும். யார், யாருக்கு, எந்தத் தேதி, எந்த இடம் என்று வரவேண்டும். 'தொகுதி முழுக்கப் பணம் பாய்ந்தது' என்ற வாக்கியத்துக்கு நீதிமன்றத்தில் மதிப்பில்லை.

கேள்வி: தபால் ஓட்டு இவ்வளவு முக்கியம் என்றால், அது தள்ளுபடி ஆகாமல் இருக்க என்ன பார்க்க வேண்டும்? — ஓய்வுபெற்ற ஆசிரியர், நாங்குநேரி

பதில்: இரண்டு உறை, ஒரு உறுதிமொழி. ஓட்டுச்சீட்டு சின்ன உறைக்குள் போகும், அது 13பி. கையெழுத்திட்டுச் சான்றொப்பம் வாங்கிய உறுதிமொழி 13ஏ. இந்த 13ஏ-வைச் சின்ன உறைக்குள் வைக்கக் கூடாது. சின்ன உறையையும் 13ஏ-வையும் தனித்தனியாகப் பெரிய உறைக்குள், அதாவது 13சி-க்குள், வைக்க வேண்டும்.

எண்ணும் மேஜையில் முதலில் பெரிய உறையைப் பிரிப்பார்கள். 13ஏ இல்லை, கையெழுத்தில்லை, சான்றொப்பம் இல்லை, 13ஏ-வில் உள்ள சீட்டு எண்ணும் சின்ன உறையின் மேல் எழுதிய எண்ணும் ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளுறையைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடுவார்கள். பாதிப்பேர் 13ஏ-வைச் சீட்டோடு சேர்த்து மடித்துச் சின்ன உறைக்குள் ஒட்டிவிடுவதால்தான் ஓட்டு போகிறது. சீட்டைப் பொறுத்தவரை டிக்கோ பெருக்கல் குறியோ தெளிவாக ஒரே ஒரு வேட்பாளருக்கு இருந்தால் செல்லும். பெயர், கையெழுத்து என்று ஆளை அடையாளம் காட்டும் எதையாவது சீட்டில் எழுதினால் செல்லாது.

தேர்தல் பணியில் இருப்பவர்கள் சீட்டை வீட்டுக்கு எடுத்துப்போகும் பழக்கம் இப்போது இல்லை. 2023-இல் விதி மாறியது. பயிற்சி இடத்திலுள்ள வசதி மையத்திலேயே போட்டுவிட வேண்டும். சான்றொப்பத்துக்கு அலையும் சிக்கல் இதனால் பெருமளவு குறைந்தது. 85 வயது கடந்தவர்களும் 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளும் வீட்டிலிருந்தே போடலாம். முன்கூட்டியே படிவம் 12டி கொடுத்திருக்க வேண்டும். அதைக் கொடுத்து ஓட்டும் போட்டபின் சாவடிக்கு வந்தால் அனுமதிக்க மாட்டார்கள். வீட்டில் அப்பா பெயரில் 12டி கொடுத்ததை மகனே மறந்துவிட்டு, அவரை வாக்குச்சாவடிக்குக் கூட்டிவந்து சண்டை போடுவது எல்லா ஊரிலும் நடக்கிறது.

வித்தியாசம், தள்ளுபடியான தபால் ஓட்டுகளைவிடக் குறைவாக இருந்தால், முடிவை அறிவிக்குமுன் தள்ளுபடியான அத்தனையையும் மறுபடி சரிபார்க்க வேண்டும் என்பது ஆணையத்தின் நடைமுறை. ஏஜென்ட்டுகள் இதை வாய்விட்டுக் கேட்க வேண்டும்.

கேள்வி: முதன்முறையாக எண்ணிக்கை ஏஜென்ட்டாக உட்காரப் போகிறேன். சின்ன வித்தியாசம் வரும் தொகுதி. எதைப் பார்த்தால் போதும்? — வாசகர், மேட்டூர்

பதில்: கையில் படிவம் 17சி நகல் இல்லாமல் உள்ளே போகாதீர்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் ஒவ்வொரு சாவடியிலும் தலைமை அலுவலர், பதிவான மொத்த ஓட்டு, கட்டுப்பாட்டுக் கருவியின் எண், முத்திரைத் தாளின் எண் எல்லாவற்றையும் இந்தப் படிவத்தில் எழுதி, பூத் ஏஜென்ட்டுக்குச் சான்றிட்ட நகல் தர வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் களைத்துப் போய், நகலை வாங்காமல் டீக்கடைக்குப் போகும் ஏஜென்ட்டால் எண்ணிக்கை நாளில் கட்சி குருடாகிறது. சாவடிவாரியாக அன்றிரவே எல்லா நகலும் ஒரு இடத்துக்கு வந்து சேர வேண்டும்.

எண்ணும் இடத்தில் வழக்கமாக 14 மேஜை. 14 சாவடி ஒரு சுற்று. கருவி மேஜைக்கு வந்ததும் மூன்றைப் பாருங்கள்: கருவி எண், முத்திரை எண், மொத்த ஓட்டு. மூன்றும் உங்கள் 17சி-யோடு பொருந்துகிறதா? பொருந்தவில்லை என்றால் முடிவுப் பொத்தானை அழுத்துவதற்கு முன்பே எழுத்தில் ஆட்சேபணை கொடுங்கள். அழுத்திய பிறகு சத்தம் போட்டால் அது வெறும் சத்தம்தான்.

காலையில் மாதிரி வாக்குப்பதிவு நடத்திவிட்டு அந்த ஓட்டுகளை அழிக்காமல் விட்ட கருவியும், திரையில் எண் காட்டாத கருவியும் வரும். அவற்றை ஒதுக்கி வைப்பார்கள். கடைசியில் வித்தியாசம் அந்தச் சாவடிகளின் ஓட்டைவிடப் பெரியதாக இருந்தால் அப்படியே விடுவார்கள். சின்னதாக இருந்தால் அங்கே விவிபாட் சீட்டுகளை, அதாவது ஓட்டு யாருக்கு விழுந்தது என்று இயந்திரம் அச்சிடும் தாள்களை, எண்ணுவார்கள். இழுபறித் தொகுதியில் ஒதுக்கிய கருவிகளின் பட்டியலைத் தனித் தாளில் எழுதி வைத்திருப்பது அதனால்தான். இது போக, தொகுதிக்கு ஐந்து சாவடியைக் குலுக்கி எடுத்து விவிபாட் சீட்டுகளை எண்ணுவது எப்போதும் உண்டு.

தபால் ஓட்டு காலை 8 மணிக்குத் தொடங்கும், இயந்திரம் 8.30-க்கு. தபால் எண்ணிக்கை முடிந்த பிறகுதான் கடைசிக்கு முந்தைய இயந்திரச் சுற்றை எடுக்க வேண்டும் என்று 2025-இல் ஆணையம் சொல்லிவிட்டது. உங்கள் மையத்தில் அப்படி நடக்கிறதா பாருங்கள்.

மறு எண்ணிக்கைக்கு விதி 63. மொத்த ஓட்டை அறிவித்தபின், படிவம் 20-இல் தேர்தல் நடத்தும் அலுவலர் கையெழுத்திடும் முன், காரணத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். அவர் ஏற்கலாம், பகுதி ஏற்கலாம், மறுக்கலாம். எதுவானாலும் காரணத்தை எழுதித் தர வேண்டும். கையெழுத்து விழுந்தபின் அவரிடம் கேட்டுப் பயனில்லை, பிறகு நீதிமன்றம்தான். 'சந்தேகமாக இருக்கிறது' என்று ஒரு வரியில் எழுதும் மனுக்கள் நிற்பதில்லை. 'எட்டாம் சுற்று, மூன்றாம் மேஜை, இன்ன பாகம், 17சி-யில் இத்தனை, திரையில் இத்தனை' என்று எழுதினால் மறுப்பது கடினம். ஆகவே மனுவின் முகப்பை முந்தின நாளே தட்டச்சு செய்து, எண்களுக்கு மட்டும் இடம் விட்டு வைத்துக்கொள்ளுங்கள். வேட்பாளரோ தேர்தல் ஏஜென்ட்டோ அறையில் இருப்பதும் அவசியம். ஜெயித்துவிட்டோம் என்று வேட்பாளர் மாலையோடு வெளியே போன நேரத்தில் கடைசி இரண்டு சுற்று காலை வாரிய கதை நிறைய.

கேள்வி: வாக்காளர் பட்டியல் வேலை என்று சொல்கிறார்கள். அதில் எம்.எல்.ஏ.வுக்கு என்ன வேலை? — வாசகர், உத்திரமேரூர்

பதில்: உங்கள் தொகுதியில் 2021-இல் வித்தியாசம் 1,622. தொகுதியில் சுமார் முந்நூறு சாவடி என்று வைத்துக்கொண்டால், சாவடிக்கு ஐந்தாறு பேர். புதிதாகப் பதினெட்டு வயது நிரம்பியவர்கள், கல்யாணமாகி வந்த மருமகள்கள், திருப்பூருக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் வேலைக்குப் போனவர்கள் என்று எடுத்தாலே ஒரு தெருவில் ஐந்து பேர் தேறுவார்கள்.

புதுப் பெயருக்குப் படிவம் 6, நீக்கத்துக்கு 7, முகவரி மாற்றத்துக்கும் திருத்தத்துக்கும் 8. தகுதி நாள் இப்போது வருடத்துக்கு நான்கு: ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் முதல் தேதிகள். வழக்கமான திருத்தத்தில் கட்சியின் வாக்குச்சாவடி நிலை முகவர் ஒரு நாளைக்குப் பத்து விண்ணப்பம் வரை கொடுக்கலாம். வேட்புமனு தாக்கல் முடியும் நாளுக்குப் பிறகு பட்டியலில் யாரும் கை வைக்க முடியாது. விண்ணப்பத்துக்கு ஏழு நாள் அறிவிப்புக் காலம் வேண்டும் என்பதால், அதற்குப் பத்து நாள் முன்பே கொடுத்தால்தான் பெயர் ஏறும். தேர்தல் அறிவித்த பிறகு பரபரப்பாகப் படிவம் நிரப்புவதில் பாதி வீண்.

2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில், டிசம்பர் வரைவுப் பட்டியலில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சத்துக்கும் மேல் பெயர்கள் விடுபட்டன. இறந்தவர்கள், இடம்பெயர்ந்தவர்கள், இரட்டைப் பதிவு என்று காரணம் சொன்னார்கள். இதற்குப் பிறகு பழைய பூத் கணக்கை அப்படியே நம்பும் எந்தக் கட்சியும் ஏமாறும்.

எதிர்க்கட்சி ஓட்டு என்று நினைத்து மொத்தமாகப் படிவம் 7 கொடுப்பவர்களுக்கு ஒன்று: பொய் உறுதிமொழிக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. அதைவிடப் பெரிய சேதம், பெயர் வெட்டப்பட்ட குடும்பம் அதைக் கடைசி வரை மறக்காது.

கேள்வி: தொகுதி நிதியில் என்ன வேலை செய்தால் ஓட்டாக மாறும்? வெளிப்படையாகவே கேட்கிறேன். — கட்சித் தொண்டர், அந்தியூர்

பதில்: தமிழ்நாட்டில் எம்.எல்.ஏ. மேம்பாட்டு நிதி வருடத்துக்கு 3 கோடி ரூபாய். பணம் அவர் கைக்கு வராது. வேலையைப் பரிந்துரைக்க வேண்டும், கலெக்டர் நிர்வாக அனுமதி தருவார், ஒன்றியமோ நகராட்சியோ டெண்டர் விடும். மூன்று கோடியை முந்நூறு சாவடிக்குப் பிரித்தால் தலைக்கு ஒரு லட்சம். அதில் என்ன கட்ட முடியும்? ஆகவே எல்லோருக்கும் கொஞ்சம் என்று பிரிப்பவர் எங்கும் எதையும் செய்யாதவராகத் தெரிவார்.

நிழற்குடையில் பெயர் பெரிதாக எழுதலாம், படம் எடுக்கலாம். நம் அனுபவத்தில் அதற்காக ஓட்டு மாறியதில்லை. குடிநீர்த் தொட்டிக்குப் புது மோட்டார், ரேஷன் கடைக்குச் சொந்தக் கட்டடம், பள்ளிக்குக் கழிப்பறை, இவை தினமும் கண்ணில் படும். நிதியே வேண்டாத வேலைகள் இன்னும் பலமானவை. நின்றுபோன முதியோர் உதவித்தொகை, வருடக்கணக்காக இழுக்கும் பட்டா, காலையில் வராத பேருந்து. இதற்கெல்லாம் ஒரு நோட்டு போதும்: தேதி, ஊர், பாக எண், துறை, அனுப்பிய கடிதம், வந்த பதில். கடைசிப் பத்தியை நிரப்பாத நோட்டு எதிரிக்குத்தான் உதவும். மனு கொடுத்தவர் பதிலில்லாமல் காத்திருந்து கோபப்படுவார். முடியாது என்று பதில் வந்தாலும் அதை நேரில் சொல்லி அனுப்புவது நல்லது.

கிராம சபை வருடத்துக்கு ஆறு. எம்.எல்.ஏ. எல்லா ஊருக்கும் போக முடியாது. பக்கம் மாறுகிற பாகங்கள் உள்ள ஊர்களுக்குப் போனால் போதும்.

தொகுதிக்கென்று தனிக் குணம் உண்டு, அதையும் பார்க்க வேண்டும். இராதாபுரத்தில் கடலோரத்தில் இடிந்தகரையும் கூடங்குளமும். உள்ளே வள்ளியூர், பணகுடி. மீனவர் கேட்பது வேறு, கோதையாற்றுத் தண்ணீர் இராதாபுரம் கால்வாயில் எந்தத் தேதியில் திறக்கும் என்று காத்திருக்கும் விவசாயி கேட்பது வேறு. ஒரே துண்டறிக்கையை இரண்டு இடத்திலும் கொடுப்பவர் தொகுதியை அறியாதவர்.

நேரக் கணக்கையும் மறக்காதீர்கள். தேர்தல் அட்டவணை வந்த நிமிடம் நடத்தை விதி அமல். 2021-இல் பிப்ரவரி 26 அன்றே வந்துவிட்டது. உத்தரவு வாங்கியும் களத்தில் தொடங்காத வேலையைப் பிறகு தொடங்க முடியாது. கடைசி வருட நிதிக்கான பரிந்துரையை முந்தின ஜூலைக்குள் கொடுக்காதவர்கள், கல்வெட்டை மட்டும் வைத்துக்கொண்டு நிற்பார்கள்.

கேள்வி: செலவு உச்சவரம்பு 40 லட்சம் என்கிறார்கள். அதற்குள் முடியுமா? — வாசகர், ஈரோடு

பதில்: காகிதத்தில் எல்லோருக்கும் முடிகிறது. சட்டப்படி 2022 முதல் தமிழ்நாட்டுச் சட்டமன்றத் தொகுதிக்கு 40 லட்சம். வேட்புமனுத் தாக்கலுக்கு ஒரு நாளாவது முன்னதாகத் தனி வங்கிக் கணக்கு தொடங்க வேண்டும். ஒருவருக்கு ரொக்கமாகத் தேர்தல் காலம் முழுக்க 10 ஆயிரத்துக்கு மேல் தரக் கூடாது. நாற்காலி, கொடி, ஒலிபெருக்கி, வண்டி எல்லாவற்றுக்கும் மாவட்ட நிர்வாகம் விலைப்பட்டியல் வைத்திருக்கும்; நீங்கள் குறைவாக வாங்கினேன் என்றாலும் அந்த விலைதான் ஏறும். தேர்தல் செலவுப் பார்வையாளர் தரப்பில் நிழல் பதிவேடு ஒன்று ஓடும். கூட்டத்தில் 500 நாற்காலி போட்டு 200 என்று எழுதினால் அங்கே பிடிபடும்.

அடிக்கடி மாட்டுவது நட்சத்திரப் பேச்சாளர் கூட்டத்தில். தலைவர் வந்துபோகும் செலவு கட்சிக்கு. வேட்பாளர் அந்த மேடையில் ஏறினாலோ பேனரில் அவர் படம் இருந்தாலோ கூட்டச் செலவில் பங்கு அவர் கணக்கில் விழும். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைக் கொடுக்காவிட்டால் மூன்று வருடம் வரை போட்டியிடத் தகுதி போகும். தோற்ற சுயேச்சைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள்.

ஓட்டுக்குப் பணம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். 2016-இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் இரண்டிலும் பண விநியோகத்துக்காகத் தேர்தலையே தள்ளிவைத்து நவம்பரில் நடத்தினார்கள். ஆறு மாதம் கூடுதலாகப் பிரசாரம் செய்யும் செலவு யாருக்கு என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: அரசு ஒப்பந்ததாரராக இருப்பவர் தேர்தலில் நிற்கலாமா? — வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இன்னும் முடியாமல் நடப்பில் உள்ள அரசு ஒப்பந்தம் அவர் பெயரில் இருந்தால் கூடாது. உங்கள் பக்கத்திலேயே உதாரணம் இருந்தது. சேரன்மகாதேவியில் 2006-இல் வென்ற காங்கிரஸின் வேல்துரையை எதிர்த்து பால் மனோஜ் பாண்டியன் வழக்குப் போட்டார். வேட்புமனுப் பரிசீலனை நாளில் வேல்துரையின் அரசு ஒப்பந்தங்கள் நடப்பில் இருந்தன என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தேர்தல் செல்லாது என்றது. தீர்ப்பு வந்தது 2011 ஏப்ரலில். அடுத்த தேர்தலே வந்துவிட்டது. ஒப்பந்தத்தை வேட்புமனுவுக்கு முன் முறையாக முடித்து, துறையிடமிருந்து எழுத்தில் வாங்கி வைப்பதுதான் பாதுகாப்பு. 'வேறொருவருக்கு மாற்றிக்கொடுக்கச் சொல்லிக் கடிதம் எழுதிவிட்டேன்' என்பது போதாது.

கேள்வி: சிட்டிங் எம்.எல்.ஏ. நன்றாக வேலை செய்தும் தொகுதியைக் கூட்டணிக்குக் கொடுத்துவிடுகிறார்களே? — வாசகர், திருமயம்

பதில்: இழுபறித் தொகுதியில் இது கூடுதலாகவே நடக்கும். கட்சித் தலைமைக்கு, தோற்றாலும் பெரிய நஷ்டமில்லாத தொகுதியைக் கூட்டணிக்குத் தள்ளுவது சுலபம். அப்பாவுவின் பாதையைப் பாருங்கள்: 1996-இல் த.மா.கா., 2001-இல் சுயேச்சை, 2006-இல் தி.மு.க. மூன்று முறையும் இராதாபுரம், மூன்று முறையும் வெற்றி, மூன்று வேறு அடையாளம். 2011-இல் தி.மு.க. அந்தத் தொகுதியைக் காங்கிரஸுக்கு விட்டது, தே.மு.தி.க.வின் மைக்கேல் ராயப்பன் வென்றார். மேலே சொன்ன வேல்துரைதான் அங்கே தோற்றவர்.

சுயேச்சையாக நின்று வெல்பவர் அபூர்வம். காரணம் சின்னம். மனு வாபஸ் நாள் முடிந்த பிறகுதான் சின்னம் கையில் வரும். வாக்குப்பதிவுக்கு ஏறக்குறைய இரண்டு வாரம்தான் மீதம். முன்மொழிபவர் பத்துப் பேர் வேண்டும், எல்லோரும் அதே தொகுதி வாக்காளர். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரருக்கு ஒருவர் போதும். பத்தில் ஒருவர் பெயர் பக்கத்துத் தொகுதிப் பட்டியலில் இருந்து மனு தள்ளுபடியாவது ஒவ்வொரு தேர்தலிலும் உண்டு. பதினொன்று, பன்னிரண்டு பேரிடம் வாங்கி இரண்டாவது மனுவும் போட்டுவையுங்கள். நான்கு மனு வரை போடலாம்.

கட்சி வேட்பாளருக்கு, அவர்தான் கட்சியின் வேட்பாளர் என்று காட்டும் ஏ, பி படிவங்கள் மனுத் தாக்கலின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் போய்ச் சேர வேண்டும், மையால் கையெழுத்திட்டதாக. ரப்பர் முத்திரைக் கையெழுத்து செல்லாது.

சீட் கிடைக்காத சிட்டிங் எம்.எல்.ஏ. செய்யும் உள்ளடி வேலைக்கு ஆயிரம் ஓட்டு தாராளமாகப் போகும். அதைத் தலைமை கணக்கில் எடுப்பதேயில்லை என்பது நம் வருத்தம்.

கேள்வி: ஒரு ஓட்டில் தோற்றவர்கள் உண்டா? அதற்குப் பிறகு அவர்கள் அரசியல் என்ன ஆயிற்று? — கல்லூரி மாணவி, ஓசூர்

பதில்: உங்களுக்கு அருகிலேயே. கர்நாடகத்தின் சந்தேமரஹள்ளியில் 2004-இல் காங்கிரஸின் துருவநாராயணா 40,752, மதச்சார்பற்ற ஜனதா தளத்தின் ஏ.ஆர்.கிருஷ்ணமூர்த்தி 40,751. கிருஷ்ணமூர்த்தியின் கார் டிரைவர் அன்று வேலையிலேயே இருந்ததால் ஓட்டுப் போடவில்லை என்று பத்திரிகைகள் எழுதின. தொகுதி மறுவரையறையில் அந்தத் தொகுதியே காணாமல் போனது. 2023-இல் கிருஷ்ணமூர்த்தி கொள்ளேகாலில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று பெரிய வித்தியாசத்தில் வென்றார்.

ராஜஸ்தானின் நாத்துவாராவில் 2008-இல் மாநிலக் காங்கிரஸ் தலைவர் சி.பி.ஜோஷி 62,215, பா.ஜ.க.வின் கல்யாண் சிங் சௌகான் 62,216. காங்கிரஸ் ஆட்சியைப் பிடித்தது; முதலமைச்சர் நாற்காலி பேச்சில் ஜோஷி பெயர் இல்லாமல் போனது. அடுத்த வருடமே பில்வாராவில் எம்.பி. ஆகி மத்திய அமைச்சரானார். 2018-இல் நாத்துவாராவிலேயே வென்று சபாநாயகர் ஆனார்.

காமராஜர் 1967-இல் விருதுநகரில் பெ.சீனிவாசனிடம் 1,285 ஓட்டில் தோற்றார். இரண்டு வருடத்தில் நாகர்கோவில் இடைத்தேர்தல் மூலம் நாடாளுமன்றம் போனார். விருதுநகருக்கு அவர் திரும்பவில்லை.

ஓட்டுகள் சமமாகவே வந்தால்? சட்டம் தெளிவு: தேர்தல் நடத்தும் அலுவலர் சீட்டுக் குலுக்குவார், குலுக்கலில் வந்தவருக்கு ஒரு ஓட்டு கூடும். வேட்பாளரின் டிரைவர், சமையல்காரர், ஏஜென்ட்டுகள் எல்லோரையும் காலை ஏழு மணிக்கே வரிசையில் நிறுத்துவது நல்ல பழக்கம்.

கேள்வி: சாவடிக்குப் போனால் என் ஓட்டை ஏற்கனவே யாரோ போட்டுவிட்டதாகச் சொல்கிறார்கள். திரும்பி வந்துவிட வேண்டியதுதானா? — இல்லத்தரசி, விருத்தாசலம்

பதில்: திரும்பாதீர்கள். விதி 49பி-இன்படி (ஆங்கிலத்தில் 49P), அடையாளத்தை நிரூபித்தால் தலைமை அலுவலர் உங்களுக்கு அச்சிட்ட வாக்குச்சீட்டு ஒன்று தர வேண்டும். தனிப் பட்டியலில் கையெழுத்திட்டு, அந்தச் சீட்டில் முத்திரை குத்திக் கொடுக்க வேண்டும். அதை அவர் தனி உறையில் வைப்பார். இயந்திரத்தில் போட விடமாட்டார்கள். எண்ணிக்கை நாளில் அந்த உறையைப் பிரிக்க மாட்டார்கள். வித்தியாசம் மிகக் குறைந்து வழக்கு நீதிமன்றம் போனால் மட்டும், நீதிபதி உத்தரவிட்டு அதைத் திறப்பார்கள். அப்போது உங்கள் பெயரில் முன்னால் போட்ட கள்ள ஓட்டு கழியும், உங்களுடையது சேரும்.